நெவேனா அழித்த கெளுத்தி

விவாகரத்தின்போது நெவேனாவும் ஸ்பாஸும் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். மூன்றாம் மாடி வீடு அவளுக்கு வந்தது, ஊருக்கு வெளியே இருந்த திராட்சைத் தோட்டமும் படகும் அவனுக்குப் போயின. காரை இருவரும் வேண்டாமென்று சொல்லிவிட்டதால் விற்றார்கள். சலவை இயந்திரத்துக்காகக் கொஞ்ச நேரம் குரல் உயர்ந்தது, பிறகு அதுவும் அடங்கியது. மின்னஞ்சல் முகவரி என்று ஒன்று இருப்பது மட்டும் அன்றைக்கு யாருடைய நினைவுக்கும் வரவில்லை.

ஆற்றங்கரையில் இருக்கும் ரூசே நகரத்தில் மூலைக்கு மூலை இணைய நிலையங்கள் இருந்த காலத்தில் இருவரும் சேர்ந்து தொடங்கிய முகவரி அது. 'ஸ்பாஸ்நெவேனா' என்று இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். மின்சாரக் கட்டணமும் அதற்குத்தான் வரும், பல் மருத்துவரும் அதற்குத்தான் எழுதுவார். நெவேனாவின் பாடகர் குழு, ஸ்பாஸின் மீன்பிடி சங்கம், பெல்ஜியத்தில் வேலை பார்க்கும் மகள் பிலியானா, எல்லோருக்கும் அது ஒன்றுதான் தெரியும். பிரிந்த பிறகு, நீ வேறொன்று தொடங்கிக்கொள் என்று அவள் சொன்னாள். நீ தொடங்கிக்கொள் என்று அவன் சொன்னான். யார் வெளியேறினாலும் அவர்தான் தோற்றவர் என்று ஆகிவிடும். கடைசியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்: பெட்டி பொது, ஆனால் அவரவருக்கு வந்ததை அவரவர்தான் திறக்க வேண்டும்.

ஸ்பாஸ் ரொம்ப தூரம் போய்விடவில்லை. அதே கட்டடத்தில் நான்காம் வாசலில் ஓர் அறை வீடு விலைக்கு வந்தபோது வாங்கிக்கொண்டான். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவனுக்கு ஆறு கண்ணில் பட வேண்டும். நெவேனா இன்னும் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்தாள். ஆறு வருடமாக வாசலில் எதிர்ப்பட்டால் தலையசைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அந்த ஏப்ரலில் பெட்டி நிரம்பிவிட்டதாக அறிவிப்பு வந்தபோது, ஏதோ ஏமாற்றுக்காரன் அனுப்பியது என்று நெவேனா அதைக் கண்டுகொள்ளவில்லை. பிறகு பிலியானா தொலைபேசியில் அழைத்தாள். அனுப்பியதெல்லாம் திரும்பி வருகிறதாம்.

"ஆளுக்கொரு மெயில் வெச்சுக்கிட்டா என்னம்மா? காசா பணமா?"

"உங்கப்பாவை வெச்சுக்கச் சொல்லு."

"அவர் உன்னை வெச்சுக்கச் சொல்றார்."

நெவேனா முதலில் தன் பங்கைச் செய்துவிட வேண்டும் என்று நினைத்தாள். தான் இதுவரை அனுப்பியவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அழித்தாள். பெரிய தியாகம் செய்துவிட்ட நிறைவோடு பார்த்தால், பெட்டியின் சிவப்புக் கோடு நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. மறுநாள் பயணச்சீட்டு அறையில் இருந்த ருமியானாதான் வழி சொல்லிக்கொடுத்தாள். அளவுப்படி வரிசைப்படுத்திப் பார்த்தால் எது இடத்தை அடைக்கிறது என்று தெரிந்துவிடும்.

பார்த்தாள். முதல் பக்கம் முழுக்க ஸ்பாஸ். இரண்டாம் பக்கமும் ஸ்பாஸ். ஆற்றுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் தண்ணீர் எந்த அளவில் ஓடுகிறது என்று படம் பிடித்துத் தனக்குத்தானே அனுப்பிக்கொண்டிருந்தான். தலைப்பு எதுவும் கிடையாது. வெறும் தண்ணீர். ஒப்பந்தத்தை மதித்து அவள் அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, கொஞ்சம் தண்ணீரை இறைத்தால் மற்றவர்களுக்கும் இடம் கிடைக்கும் என்று நல்ல விதமாகவே சொன்னாள்.

"உன் கோரஸ் பாட்டை அழியேன்," என்றான் ஸ்பாஸ். "எல்லாம் ஒரே பாட்டு மாதிரிதானே இருக்கு."

அவள் தொலைபேசியை வைத்தாள். முதல் பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தாள். இரண்டாம் பக்கத்தையும் அப்படியே செய்தாள். குப்பைத்தொட்டியில் கிடப்பதும் இடத்தை அடைக்கும் என்று ருமியானா சொல்லியிருந்ததால், அதையும் கவிழ்த்துக் காலி செய்தாள். சிவப்புக் கோடு பாதிக்கு இறங்கியது. வீட்டை ஒட்டடை அடித்து முடித்தவள் போல உட்கார்ந்து, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவைச் சூடாக ஒரு துண்டு சாப்பிட்டாள்.

ஞாயிறு மதியம் கதவு தட்டப்பட்டது. ஸ்பாஸ் நின்றுகொண்டிருந்தான். மழமழவென்று சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில், கொலோன் வாசனையோடு. சில வாரங்களாகவே அவன் அப்படித்தான் திரிந்தான். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் முகம் மட்டும் பேயறைந்த மாதிரி இருந்தது.

"கெளுத்தியைக் காணோம்," என்றான்.

கெளுத்தியின் கதை கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். போன இலையுதிர் காலத்தில் ஆற்றின் நடுவே இருக்கும் தீவுக்குப் பக்கத்தில் ஸ்பாஸின் தூண்டிலில் அவன் உயரத்துக்கு ஒரு கெளுத்தி மாட்டியது. அதோடு மல்லுக்கட்டியதில் அவனுடைய தொலைபேசி ஆற்றுக்குள் போய்விட்டது. எதிர்க்கரையிலிருந்து படகில் வந்த ஒரு ருமேனியாக்காரன் கைகொடுத்தான். மீனோடு ஸ்பாஸை நிற்கவைத்துப் படமும் எடுத்தான். பிறகு ஸ்பாஸ், இவ்வளவு வயதான மீனைச் சட்டியில் போட மனம் வராமல், திரும்ப ஆற்றில் விட்டுவிட்டான். சங்கத்தில் ஒருவரும் நம்பவில்லை. ருமேனியாக்காரன் படத்தை மின்னஞ்சலில் அனுப்பியதும், வசந்தகாலக் கூட்டத்தில் எல்லோர் மூக்கையும் உடைக்கிறேன் என்று குளிர்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். பெட்டியில் இருந்தால் பத்திரம் என்று நினைத்து வேறெங்கும் எடுத்து வைக்கவில்லை. கூட்டம் வரும் சனிக்கிழமை. இன்று காலை அச்சுப் போடலாம் என்று திறந்தால், படமும் இல்லை, ருமேனியாக்காரனின் முகவரியும் இல்லை, ஆற்றுத் தண்ணீரும் இல்லை.

நெவேனா கைகளை மேலங்கியில் துடைத்துக்கொண்டாள்.

"பெட்டி நிரம்பினா பழசை எல்லாம் அதுவே தூக்கிடுமாம்," என்றாள். பேருந்து தாமதமாக வரும் என்று அறிவிக்கிற அதே குரல், அவளை அறியாமல் வந்துவிட்டது.

ஸ்பாஸ் நம்பினான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கோபித்துக் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அவனோ தலையைக் குனிந்துகொண்டு, இனி சங்கத்துப் பக்கமே போக முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

கதவைச் சாத்தியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அந்தப் படம் இன்னும் ஓரிடத்தில் இருக்கிறது என்று. தெரியாமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது.

ருமேனியாக்காரனின் கடிதம் வந்த அன்று, தெரியாத பெயராக இருக்கிறதே என்று அவள்தான் அதை முதலில் திறந்தாள். உள்ளே வாய் பிளந்த ஒரு பெரிய மீனும், அதே மாதிரி வாய் பிளந்த ஸ்பாஸும் தோளோடு தோள் நின்றார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் வர்ணாவில் இருக்கும் அக்கா கின்காவுக்கு அதை அனுப்பி, கீழே ஒரு வரியும் எழுதினாள். பிறகு அந்தக் கடிதத்தைப் படிக்காதது போல மாற்றி வைத்துவிட்டாள். அவளிடம் இருந்த நகல் தியாகத்தில் போய்விட்டது. ஆனால் கின்கா எதையும் அழிக்கிற ஜாதி இல்லை.

அக்காவை அழைத்தாள். கின்கா நிதானமாகத் தேடி எடுத்தாள்.

"இருக்கு. 'இடப்பக்கம் இருப்பது மீன்'னு நீ எழுதியிருக்கே. அதுக்குக் கீழே நான் எழுதினது, அதுக்குக் கீழே சூப் விஷயம்."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம். படத்தை மட்டும் தனியா எடுத்து அனுப்பு. வார்த்தை ஒண்ணுகூட வரக் கூடாது. அது பொதுப் பெட்டி, ஞாபகம் வெச்சுக்கோ."

"எனக்குத் தெரியாததா?" என்றாள் கின்கா.

அவரவர் பெயருக்குரிய புனிதரின் நாளான பெயர்த் திருநாள்தோறும் பாட்டும் பறக்கும் புறாக்களுமாக வாழ்த்து அனுப்புகிற கின்காவுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நெவேனாவும் நினைத்தாள். அன்று அவளுக்குச் சாயங்காலத்திலிருந்து வேலை. மலைப்பாதைப் பேருந்துகளை அறிவித்துக்கொண்டே இடையிடையே பெட்டியைத் திறந்து பார்த்தாள். எதுவும் வரவில்லை. அக்கா தூங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினால், மூன்றாம் மாடிப் படியில் ஸ்பாஸ் உட்கார்ந்திருந்தான். கையில் தொலைபேசி.

ருமேனியாக்காரன் ஒருவேளை மறுபடி எழுதுவானோ என்று அவன் அன்று முழுக்கப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கின்கா வார்த்தைகளையும் சேர்த்தே அனுப்பியது வந்து விழுந்ததும் அவன் கண்ணில்தான் பட்டது. திறந்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் தன் தொலைபேசிக்கு எடுத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து அழித்தும் விட்டான்.

"இடப்பக்கம் இருப்பது மீன்," என்று படித்தான். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"ஸ்பாஸ், அது சும்மா..."

"இரு, இன்னும் இருக்கு. உங்கக்கா எழுதறா: 'வலப்பக்கம் இருக்கறது இளைச்சுப் போயிருக்கே, சாப்பிடறதா இல்லையா?' அதுக்கு நீ எழுதறே: 'டின் மீனும் ரொட்டியும்தான். அதான் வாராவாரம் ஸ்தமேனாகிட்ட பீன்ஸ் சூப் கொடுத்தனுப்பறேன். அவங்களே செஞ்சதுன்னு சொல்லச் சொல்லியிருக்கேன். எம்பேரைச் சொன்னா பாத்திரத்தோட ஆத்துல போட்டுடுவான்.'"

ஸ்தமேனா நான்காம் வாசலில் ஸ்பாஸுக்கு எதிர்வீடு. கணவரை இழந்தவர், எதிலும் தலையிடாதவர், கொடுத்ததை வாங்கிக் கொடுப்பவர்.

நெவேனா கதவைத் திறந்தாள். படிக்கட்டில் நின்று பேசுகிற பேச்சா இது? அவன் உள்ளே வந்து சமையலறை மேசையில், முன்பு எப்போதும் உட்காருகிற நாற்காலியைத் தவிர்த்து வேறொன்றில் உட்கார்ந்தான்.

"சூப் உன்னோடதா?"

"ஆமா."

"எல்லாமேவா?"

"அடைச்ச மிளகாய் மட்டும் அவங்களோடது."

"அது நல்லாவே இல்லை," என்றான் ஸ்பாஸ். கொஞ்ச நேரம் மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "நான் அந்தம்மா வீட்டுக் குழாயைச் சரி பண்ணிக் கொடுத்தேன். பால்கனிக்குப் பெயின்ட் அடிச்சேன்."

"பெயின்ட் அடிச்சதைப் பார்த்தேன்."

"போன வாரம் பூ வாங்கிட்டுப் போய் நின்னேன்."

நெவேனாவுக்கு இது தெரியாது. கொலோனும் இஸ்திரிச் சட்டையும் இப்போதுதான் விளங்கின.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"வீட்ல பூ ஜாடி இல்லைன்னாங்க."

சிரிக்கக் கூடாது என்று நெவேனா உதட்டைக் கடித்தாள். மூக்கு வழியாக வந்துவிட்டது. பிறகு அடக்குவதில் அர்த்தமில்லாமல் போய், மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஸ்பாஸ் அவளை முறைத்தான். முறைத்துக்கொண்டே இருந்தவனுக்கு வாயோரம் துடிக்க ஆரம்பித்தது. அவனும் சிரித்து முடித்த பிறகு, நேராகக் கேட்டான்.

"பெட்டி தானா அழிக்கலை, இல்லையா?"

"இல்லை. நான்தான்."

"அதானே பார்த்தேன். பெட்டிக்கு அவ்வளவு கோபம் வராது."

படம் கிடைத்துவிட்டதால் அவன் அதைப் பெரிதுபடுத்தவில்லை. தண்ணீர்ப் படங்கள் போனது போனதுதான், ஆறு அங்கேயேதான் இருக்கிறது என்றான். அவளுக்கு மனம் இளகிவிட்டது. காப்பி போட்டாள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, மிச்சத்தையும் உட்கார்ந்து இருவருமாகவே சுத்தம் செய்துவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். கணினியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போயிற்று. பத்து வருடத்துக் குளிர்காலக் கோட்டுத் தள்ளுபடிகள், எப்போதோ மூடிவிட்ட மரச்சாமான் கடையின் வாழ்த்துகள், கின்காவின் புறாக்கள் எல்லாம் போயின. புறாக்களை அழிக்கும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் திருமண காலத்திலேயே கருத்து வேறுபாடு இருந்ததில்லை. வேண்டாத கடிதங்கள் தானாகப் போய்ச் சேருகிற பகுதியையும் காலி செய்துவிடலாம் என்று நெவேனா திறந்தாள்.

அங்கே, மாத்திரை விளம்பரங்களுக்கும் அதிர்ஷ்டக் குலுக்கல்களுக்கும் நடுவில், பாடகர் குழுவின் நடத்துநர் லூபெனின் கடிதங்கள் வரிசையாகக் கிடந்தன.

ஸ்பாஸ் எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்தான்.

"இது எப்படி இங்க வந்தது?"

"பெட்டி தானா..."

"ஸ்பாஸ்."

"அந்த ஆள் ஒவ்வொரு மெயில்லயும் 'உங்கள் பொன்னான குரல்', 'உங்கள் பொன்னான குரல்'னு எழுதறான். ஒரு மனுஷன் அதை எத்தனை தடவைதான் படிக்கறது?"

"நீ எதுக்குப் படிச்சே?"

 அவன் ஒரு தடவை வேண்டாதது என்று குறித்ததும் பெட்டியே அந்த மனிதரின் கடிதங்களையெல்லாம் அங்கே தள்ளிக்கொண்டிருந்தது. நெவேனா ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒன்றில் லூபென், வர்ணா விழாவில் தனிக்குரல் பாட உங்களுக்கு விருப்பமா என்று கேட்டிருந்தார். அடுத்ததில் மறுபடி கேட்டிருந்தார். அதற்கும் அடுத்ததில், பதில் வராததால் உங்களுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன் என்று வருத்தத்தோடு முடித்திருந்தார். தனிக்குரலை டோன்காவுக்குக் கொடுத்தபோது நெவேனா வீட்டுக்கு வந்து அழுதது அவளுக்கு மட்டும்தான் தெரியும். தொண்டையில் சளி கட்டினாற்போலப் பாடுகிற டோன்காவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தன் குரல் போய்விட்டது, சொல்லத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள் என்று ஒரு வருடமாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கத்தவில்லை. கணினியை மூடினாள். அவனுடைய காப்பிக் கோப்பையை எடுத்துக் கழுவி வைத்தாள்.

"உன் மீனை எடுத்துட்டுப் போ," என்றாள்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு ஸ்பாஸ் படத்தை அச்சுப் போட்டுக் கொண்டுபோனான். அவன் எவ்வளவு உயரம் என்று சங்கத்தில் எல்லோருக்கும் தெரியுமாதலால், பக்கத்தில் நின்ற மீனை அளக்கச் சிரமப்படவில்லை. தராசில் ஏறாத மீன் கணக்கில் வராது என்று செயலாளர் மட்டும் முரண்டு பிடித்தார். கடைசியில் அவரும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாராம். அந்த வருடத்துப் பெரிய மீனுக்கான பரிசுக் கோப்பை ஸ்பாஸுக்குத்தான். இதையெல்லாம் ஸ்தமேனா வந்து சொன்னார். கோப்பையோடு வந்தவன் கட்டடத்தில் ஒருவரிடமும் காட்டவில்லை, நேராகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான் என்றும் சொன்னார். நெவேனா அதைக் காதில் போட்டுக்கொள்ளாதது போல இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பாடகர் குழுவின் பயிற்சி. பாதிப் பாட்டில் அரங்கின் கதவு திறந்தது. ஸ்பாஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, நாற்காலிகளுக்கு நடுவில் நடந்து, லூபெனுக்கு முன்னால் நின்றான். லூபென் கை உயர்த்தியபடியே நின்றார்.

"உங்க மெயில் எல்லாத்தையும் குப்பையில தள்ளினது நான்," என்றான் ஸ்பாஸ், பாரந்தூக்கி மேலேயிருந்து கத்திப் பழகிய குரலில். "அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. அவகிட்ட மறுபடி கேளுங்க. நேர்ல கேளுங்க."

சொல்லிவிட்டு நிற்கவில்லை. வந்த வழியே போய்விட்டான். முப்பது பெண்களும் திரும்பி நெவேனாவைப் பார்த்தார்கள். டோன்கா தன் காலணியைப் பார்த்தாள். நெவேனாவுக்குக் காது மடல்வரை சூடேறியது. எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலவும் இருந்தது, எழுந்து நின்று பாடலாம் போலவும் இருந்தது. லூபென் கையைக் கீழே போட்டுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜூனில் சிலிஸ்திராவில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, உங்களுக்கு விருப்பமா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

விருப்பம் என்று அவள் சொன்னது கடைசி வரிசைவரை கேட்டது.

அந்த வாரமே நெவேனா தனக்கென்று ஒரு முகவரி தொடங்கிக்கொண்டாள். நெவேனா என்ற பெயரில் எல்லாம் ஏற்கனவே பிறர் எடுத்துவிட்டிருந்ததால், பெயருக்குப் பின்னால், பாடகர் குழுவில் தன் குரல்வகையின் பெயரான 'ஆல்ட்டோ' என்பதைச் சேர்த்துக்கொண்டாள். பிலியானாவுக்குத்தான் முதலில் சொன்னாள். அப்போ அப்பா ஜெயிச்சுட்டாரா என்று மகள் கேட்டாள். அந்தக் குப்பையை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று நெவேனா சொன்னாள். சொன்ன பிறகு, மனதில் உறுத்தல் எதுவும் இல்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. புதிய பெட்டியைத் திறந்தால் ஒன்றுமே இல்லாமல் வெள்ளையாக இருந்தது. அதைச் சும்மாவே சில தடவை திறந்து பார்த்தாள்.

பழைய முகவரியை மாற்றாதவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்கள் அவளுக்கு எழுதுவதையெல்லாம் ஞாயிறன்று ஸ்பாஸ் வந்து வாயால் சொல்கிறான். நெவேனா அவனை இன்னும் முழுதாக மன்னித்துவிடவில்லை. ஆனாலும் மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைக்கிறாள். எது முக்கியம் எது வேண்டாதது என்று அவனே தரம் பிரித்துக்கொண்டு வருவதுதான் தொல்லை. போன ஞாயிறு, பல் மருத்துவர் பரிசோதனைக்கு வரச் சொல்லி எழுதியிருந்ததாகச் சொன்னான்.

"எப்ப வரணுமாம்?"

"வர வேண்டாம்னு பதில் போட்டுட்டேன். பல்லெல்லாம் நல்லா இருக்கு, சாப்பிடும்போது பார்த்துட்டுத்தானே இருக்கேன்னு எழுதினேன்."

திங்கள் காலை முதல் வேலையாக நெவேனா மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தாள்.